சொந்த அனுபவத்திலிருந்து எழுதவும்

ஆபீஸில் அவளை எல்லோரும் முனைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளையே எழுதித் தள்ளியவள், தன் கையில் ஒரு டிகிரிகூட இல்லாதவள் என்பதால் வந்த பெயர். வைத்தவன் மேனேஜர். அவளைவிடப் பத்து வயது சின்னவன். கேலி செய்ய வயதா தடை?

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்த ஒரு நீள அறை. ஏசி சொட்டிச் சொட்டித் தரைவிரிப்பு ஊறிப்போய், ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றம் அடிக்கும். கை கழுவும் தொட்டியில் யாரோ கொப்பளித்துத் துப்பியது சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். கீபோர்டு இடுக்கில் அடுத்தவன் கடித்துப் போட்ட நகம். முனைவரக்கா வீட்டிலிருந்து ஒரு துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் கொண்டுவந்து, உட்காருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழுத்தித் துடைப்பாள். ஆனால் அந்தக் கீபோர்டில் அவள் அடிக்கிற வேலையைத் துடைக்க எந்தக் கடையிலும் ஸ்பிரிட் விற்பதில்லை.

வேலை இதுதான். எங்கெங்கோ இருக்கிற மாணவர்கள் எங்கெங்கோ இருக்கிற கல்லூரிகளில் ஆன்லைனில் சேருவார்கள். சேருவதோடு சரி. கட்டுரை, விவாதப் பதில், ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் வரைக்கும் இந்த அறையிலிருந்துதான் எழுதிப் போகும். மேனேஜர் இதைக் கல்விச் சேவை என்பான். ஏமாற்றுகிற அத்தனை பேரையும் ‘நம்ம பிள்ளைங்க’ என்று உருகுவான். அந்த உருக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் முனைவரக்கா ஸ்பிரிட் பாட்டிலைத் தேடுவாள். சம்பளத்துக்காக ஒருத்தி பொய் எழுதலாம்; அதைத் தாய்ப்பாசம் மாதிரி வேறு நடிக்க வேண்டுமா?

இந்த அறையைத் தலைமுழுகத்தான் அவளும் ஆன்லைனில் ஒரு இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில், டிகிரியை முடித்துக்கொண்டு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பன்னாட்டு வணிகம். சேர்ந்த அன்றே ஒரு முடிவு எடுத்தாள்: ஆபீஸில் எழுதுவது ஆபீஸோடு. தன் படிப்பில் ஒரு வரிகூட ஜோடனையாக இருக்கக்கூடாது. விடுமுறை நாட்களில் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, கடைசிப் பருவம் வரை அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தாள்.

கடைசிப் பருவத்தில் உலகமயமாதல் பாடம். பாடப்புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் பல்லைக் காட்டியது. கண்டெய்னர் கப்பல், பளபளக்கிற கட்டடங்கள், குலுக்கிக்கொள்ளும் இரண்டு சுத்தமான கைகள். எங்கே உழைப்பு மலிவோ அங்கே வேலை நகர்ந்து போகும், அதனால் எல்லோருக்கும் நன்மை என்று நான்காம் அத்தியாயம் சொன்னது. அந்த ‘அங்கே’ எங்கே இருக்கிறதென்று முனைவரக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதன் தரைவிரிப்பு நாறும்.

மாப்பிள்ளை விவகாரம் அந்தப் பருவத்தில்தான் வந்தது. மாப்பிள்ளை என்பது ஒரு வாடிக்கையாளருக்கு ஆபீஸில் வைத்த பெயர். நிஜப் பெயர், கல்லூரி, ஊர் எதுவும் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படாது. கேள்வி மட்டும் கம்ப்யூட்டரில் வந்து விழும். இவனோ எதை அனுப்பினாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவான். பெண் வீட்டுக்காரர்களைப் போல இவர்கள் அவனைத் தாங்கவேண்டும். அவனுக்கு வந்த கேள்வி: உலகமயமாதலால் உங்கள் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது? சொந்த அனுபவத்திலிருந்து எழுதவும்.

முனைவரக்கா அவனுக்கு ஒரு மீனவ அப்பாவைச் செய்து கொடுத்தாள். திரும்பி வந்தது. கடிகாரக் கடை வைத்திருந்த அப்பாவைச் செய்து கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. மேனேஜர் சூயிங் கம்மை மென்றுகொண்டே அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, உயிர் இல்லையாம்க்கா. படிச்சா ரெண்டு சொட்டுக் கண்ணீர் வரணும்னு சொல்றான்.”

“அவன் அப்பாவைப் பத்தி அவனையே எழுதச் சொல்லு. பொலபொலன்னு வரும்.”

“அவருக்கென்னக்கா, நாலு கார் வெச்சிருக்காரு. அதை எழுதினா யாருக்குக் கண்ணீர் வரும்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க.”

அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. பக்கத்து சீட்டுக்காரன் டிபன் டப்பாவைக் கழுவாமல் திறந்து வைத்திருந்தான். ஆத்திரத்தில் அவள் தன் அப்பாவையே எடுத்து எழுதிவிட்டாள்.

‘என் அப்பா மழையில் குடை பிடிப்பதில்லை’ என்று ஆரம்பித்தாள். அது நிஜம். அவள் அப்பா குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கம்பி வளைத்து, துணி இழுத்துத் தைத்து, நல்ல குடை செய்தவர். பிறகு வெளிநாட்டுக் குடைகள் கண்டெய்னரில் வந்து இறங்கின. முதலாளி கம்பெனியை மூடவில்லை, அவர் கெட்டிக்காரர். அந்தக் குடைகளையே வாங்கி, அவற்றில் தைத்திருந்த லேபிளைப் பிரித்து எடுத்துவிட்டுத் தன் கம்பெனி லேபிளைத் தைக்கும்படி ஆட்களை உட்கார வைத்தார். அப்பா அந்த வேலையைப் பார்த்தார். எவனோ செய்த குடையில் தன் கம்பெனிப் பெயரைத் தைத்துத் தைத்து ஒருநாள் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு குடையைத் தொடுவதில்லை. எந்த மழையானாலும் நனைந்துகொண்டுதான் வருவார்.

மாப்பிள்ளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மேனேஜர் அறை நடுவில் நின்று கை தட்டினான். முனைவரக்காவுக்குத் தன் பல்துலக்கியை எவன் வாயிலோ கொடுத்துவிட்டு வந்தது போல இருந்தது. வீட்டுக்குப் போனதும் நேரே குளிக்கப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் தன் வகுப்புப் பக்கத்தைத் திறந்தபோது அங்கேயும் அதே கேள்வி இருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. ஒரே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாக் கல்லூரிகளும் ஒரே கேள்வியைக் கேட்பது அவளுக்குப் பழகிய விஷயம். வேறு ஏதாவது எழுதியிருக்கலாம்தான். ஆனால் வேறு எதை எழுதினாலும் அது பொய்; பொய் எழுதுவதற்கு ஆபீஸ் இருக்கிறது. ஒரு நிஜத்தை ஒருவனுக்கு விற்றுவிட்டால் அது தன்னுடையது இல்லையென்று ஆகிவிடுமா? நிதானமாக உட்கார்ந்து புதிதாகத்தான் எழுதினாள். ஆனால் நிஜம் வந்த வழியிலேயே வந்தது: ‘என் அப்பா மழையில் குடை பிடிப்பதில்லை.’

அந்த விவாதப் பக்கத்தில், நாம் எழுதிப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது கண்ணுக்குத் தெரியும். அவள் போட்டாள். பக்கம் திறந்தது. இரண்டு நாளைக்கு முந்தைய தேதியில், படகின் மேல் கூலிங் கிளாஸோடு சாய்ந்து நிற்கும் ஒரு பையனின் படம். படத்துக்குக் கீழே அவளுடைய அப்பா குடை பிடிக்காமல் நனைந்துகொண்டு நின்றார்.

மாப்பிள்ளை அவள் வகுப்பிலேயே இருந்தான்.

அழிக்கப் பார்த்தாள், அந்தப் பக்கத்தில் அதற்கு வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது. மறுநாளே பேராசிரியையிடமிருந்து தகவல் வந்தது: உங்கள் பதில் இன்னொரு மாணவர் முன்பே எழுதியதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது, நேரில் விளக்கம் தேவை, திருட்டு என்று உறுதியான பிறகும் மறுத்தால் படிப்பிலிருந்து நீக்கம்.

அவள் கணவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்தப் பிரச்சினையையும் பின்பக்கம் திறந்து பார்க்கிற ஆள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“நிஜத்தைச் சொன்னா என்ன ஆகும்?”

“காசு வாங்கிட்டு அவனுக்கு எழுதிக் குடுத்தேன்னு ஆகும். அதுக்கு மன்னிப்பே கிடையாதுங்க. அப்பவே வெளிய அனுப்பிடுவாங்க.”

“திருடினேன்னு ஒத்துக்கிட்டா?”

“முதல் தடவைன்னா அந்தப் பதிலுக்கு மட்டும் பூஜ்யம். எழுத்துல மன்னிப்புக் கேக்கணும். வேற ஒண்ணு எழுதித் தரணும்.”

“அப்புறம் என்ன? ஒத்துக்கிட்டு வேலையைப் பாரு. டிகிரிதானே முக்கியம்.”

“என் அப்பாவை நானே திருடினேன்னு சொல்லணுமா?”

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஆபீஸில் மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தான். முகமெல்லாம் நியாயத்தின் கோபம்.

“அக்கா, அநியாயத்தைக் கேட்டீங்களா? நம்ம மாப்பிள்ளை கதையை அவன் கிளாஸ்ல எவளோ ஒருத்தி அப்படியே சுட்டுட்டாளாம்.”

முனைவரக்கா ஸ்பிரிட் துணியைக் கீழே வைத்தாள்.

“டீச்சர் அவன்கிட்டயும் விளக்கம் கேட்டிருக்காங்க. புகார் மாதிரி ஒரு லெட்டர் வேணும். அந்த அப்பாவைப் பத்தி வேற யாருக்கும் தெரியாத மாதிரி ரெண்டு விஷயம் சேர்த்துப் போடுங்க. அப்பத்தான் கதை இவனோடதுன்னு நிக்கும்.”

“வேற யாரையாவது எழுதச் சொல்லு.”

“நீங்க எழுதின அப்பாதானேக்கா. உங்களுக்குத்தானே தெரியும்.”

திருடர்களுக்கு இவ்வளவு மான உணர்ச்சி இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. காறித் துப்பவேண்டும் போல இருந்தது. துப்ப அந்த நாறிய தொட்டிதான் இருந்தது. வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதலாமா என்று யோசித்தாள். இவன் கதையும் பொய் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, யார் எழுதிக் கொடுத்தது என்பதுதான். அது சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நிற்கும். எழுதினாள். லேபிள் பிரித்த சின்னக் கத்தரிக்கோல் அப்பாவின் வலது கட்டைவிரலில் விட்டுவிட்டுப் போன காய்ப்பை எழுதினாள். இன்றும் புதுச் சட்டை வாங்கினால் அவர் முதலில் கழுத்துப் பட்டியில் உள்ள லேபிளை வெட்டி எறிவதை எழுதினாள். தன்னிடமிருந்து திருடியவள்மேல் தனக்குக் கோபமில்லை, வருத்தம் மட்டும்தான் என்று மாப்பிள்ளையின் பெருந்தன்மையையும் அவளே எழுதினாள். மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் நிஜமாகவே அழுதான், வெட்கங்கெட்டவன்.

பேராசிரியையோடு பேசவேண்டிய நாளில் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். பக்கத்து அறையில் அப்பா பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

பேராசிரியை நல்லவள். அதட்டவில்லை. மாப்பிள்ளையின் கடிதத்தை இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள்: கட்டைவிரல் காய்ப்பு, கழுத்துப் பட்டி லேபிள், எல்லாம். படிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது. பிறகு, இதற்கு மேல் உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா, உங்கள் அப்பாவும் உண்மையிலேயே குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாரா என்று கேட்டாள்.

“அப்பா, கொஞ்சம் வாங்க” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கையைக் கேமராவுக்கு முன்னால் காட்டச் சொன்னால் போதும். ஆனால் அப்போது, இவர் எப்படி அந்தப் பையனின் கடிதத்துக்குள் போனார் என்று பேராசிரியை கேட்பாள். முனைவரக்கா திரையைப் பார்த்தாள். டிகிரிக்கு இன்னும் ஒரே ஒரு பாடம். அதை விட்டால் கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல், ஆயுசுக்கும்.

“இல்லை மேடம்” என்றாள். “அது அவருடைய அப்பாதான். நான் பார்த்து எழுதிவிட்டேன்.”

பேராசிரியை பெருமூச்சு விட்டாள். ஒத்துக்கொண்டது நல்ல குணம் என்றாள். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் இல்லை, புதிதாக ஒன்று எழுதித் தந்தால் பட்டத்துக்கு ஒன்றும் வராது என்றாள். முடிக்கும்போது கனிவாகச் சொன்னாள்: அடுத்தவர் வாழ்க்கையை எடுக்கத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். முனைவரக்கா அதற்கு நன்றி சொன்னாள். எத்தனையோ பேருக்காக எழுதிக் கொடுத்த அதே நன்றி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

லேப்டாப்பை மூடினாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றார்.

“டீச்சராம்மா? அம்ப்ரெல்லா ஃபேக்டரி, லேபிள்னெல்லாம் காதுல விழுந்துச்சு. என்னைப் பத்தியா கேட்டாங்க?”

“இல்லப்பா. கிளாஸ்ல ஒரு பையனோட அப்பா.”

“அப்படியா” என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. “அந்த ஆளும் லேபிள் பிரிச்சவராமா? எங்க இருக்காருன்னு கேட்டுச் சொல்லேன். ஒரு தடவை பேசணும்.”