முனியாண்டி குடித்த சுருட்டு

என் அண்ணன்மார் இருவரும் இரட்டையர். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நின்றால் கங்காணியே ஆள் மாற்றிக் கூப்பிடுவார். பீடி இருக்கும் கை முத்துவேல் அண்ணனுடையது. சிவஞானம் அண்ணன் பீடியைத் தொடமாட்டார், அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை பூசையில் மட்டும் அவர் மேல் முனியாண்டி இறங்கும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு அதனால்தான் மரியாதை.

2006இல் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கேசினி என்ற டாக்டரம்மா வந்து, ஓர் ஆராய்ச்சிக்கு இரட்டையரின் இரத்தம் வேண்டும் என்றார். சீக்கு தெரிந்தால் தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று லயத்தில் பேச்சு. அவர் கொடுத்த பிஸ்கட்டைக்கூட நான் சந்தேகத்தோடுதான் வாங்கினேன்.

"நீங்கள் ஒரே கருவில இருந்து பிரிஞ்ச ஆக்கள். பிறவியில வந்தது ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். ஒராள் புகைச்சு, மற்றவர் புகைக்காமல் இருந்தால், இருமல், நெஞ்சு வருத்தம் எல்லாம் புகையால வருதோ எண்டு பார்க்கலாம்," என்றார் கேசினி. பிறகு சிவஞானம் அண்ணனிடம், "நீங்கள் சுருட்டுப் பத்துறனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அருள் வந்து ஆடும்போது கட்டுக்கட்டாகச் சுருட்டு எரியும். அதைக் குடிப்பது முனியாண்டி. நாங்கள் யாரும் வேறுவிதமாக நினைத்ததில்லை.

குழாயில் ஊதச் சொன்னார். இருவர் நெஞ்சும் ஒரே அளவுக்குக் கெட்டிருந்தது.

இருமலுக்குப் பயந்து பீடியை விட்டுவிடலாமா என்றிருந்த முத்துவேல் அண்ணன் அங்கேயே ஒன்றைப் பற்றவைத்தார். "பாத்தியாடா, பீடி மேல குத்தமில்ல. நம்ம ரத்தந்தான் சரியில்ல." சொல்லும்போதே இருமினார். துண்டில் சிவப்பு பட்டது.

சிவஞானம் அண்ணன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாமி வந்தா சுருட்டுக் குடிக்குமுங்க. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே."

"ஆர், நீங்களோ?"

"சாமிதாங்க. ஆனா பொகை என் நெஞ்சுக்குள்ளதான போகுது."

கேசினி பேனாவை மூடினார். "அப்ப புகைக்காத ஆள் உங்களில ஒருத்தரும் இல்லை. ஐயா, இரத்தத்தில பழியைப் போடாதேங்கோ."

முத்துவேல் அண்ணன் தம்பியை முறைத்தார். "என் பீடிய நிறுத்த சாமியக் காட்டிக் குடுக்குறியா? இல்ல, இத்தன வருசமும் நீதான் ஆடுனியா?"

சிவஞானம் அண்ணன் அந்தப் பீடியை வாங்கி மிதித்தார். முத்துவேல் அண்ணன் அதற்குப் பிறகு பீடி வாங்கவில்லை. தம்பியோடு பேசவுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமி இறங்கியது. சுருட்டு கேட்கவில்லை. நீட்டிய கையையும் தள்ளிவிட்டது. வந்திருப்பது முனியாண்டிதானா என்று லயத்துச் சனம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது.