ஆறு நிமிட வரிசை

என் அண்ணி வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை நடந்துவிட்டு, நாலாவது தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். அதற்குள் அண்ணன் நிறுத்தத்தில் நின்று ஒரு பஸ்ஸை விட்டிருப்பார். "உங்க அண்ணியோட சினிமாவுக்குப் போனா எனக்கு இடைவேளைக்கு அப்புறம்தான் கதையே" என்பார். இருபத்தாறு வருடமாகப் பாதிக் கதை பார்த்தே பழகிவிட்டார் மனிதர்.

மெதுவாகச் செய்வதைத் தவிர அண்ணி வேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அவர் மடித்து வைத்த சட்டையை ஒரு தடவை பிரித்துவிட்டால் மறுபடி அப்படி மடிக்க வேறு ஆளால் முடியாது.

நானும் அவரும் ஒரே ஸ்வெட்டர் கம்பெனி. நான் கீழே மெஷின் கூடத்தில் ஃபிட்டர். அவர் மாடியில் சாம்பிள் அறை. புது டிசைன் எது வந்தாலும் முதலில் அதைக் கையால் பின்னிப் பார்ப்பார்கள். வாங்க வருகிறவர் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அது எங்கள் மெஷினுக்கு இறங்கும். அந்த அறையில் நாலு பெண்கள், நாலு நாற்காலி. ஜன்னல் ஓரத்து நாற்காலி அண்ணியுடையது.

அதில் அவரை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. பட்டன் தைக்கும் பிரிவில் சேர்ந்தவர், சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய், கழித்துப்போட்ட நூலை எடுத்துத் தானே பின்னித் தானே பிரித்துப் பழகினார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாற்காலி காலியானது. அப்போதிருந்த சூப்பர்வைசர் அண்ணி பின்னிய துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடு பள்ளமே இல்லையே" என்று உட்காரச் சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் ஆகிறது.

போன வருடம் அந்த சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே டேப்பு. கெட்டவர் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஒரு மாதப் பிறப்பில் அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு ஸ்வெட்டர் முன்பக்கம் ஒரு ஷிஃப்ட்டுல முடியணும். மத்த மூணு பேரும் முடிக்கிறாங்க. நீங்க மறுநாள் காலை டீ வரைக்கும் இழுக்கறீங்க. இந்த மாசக் கடைசி நாள் நானே பக்கத்துல இருந்து பார்க்கறேன். முடிஞ்சா சரி. இல்லைன்னா பேக்கிங்ல இடம் இருக்கு."

பேக்கிங் என்றால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மடித்துப் பெட்டியில் அடுக்குவது. அண்ணிக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. நிற்கிற வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருடம் ஆகிறது.

"அதை அந்தம்மாகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா, அப்ப வீட்லயே இருங்கன்னுட்டா?" என்றார் அண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியைப் பின்னச் சொல்லிவிட்டு, எதிரே செல்போனில் நேரம் பார்த்து உட்கார்ந்தேன். இந்தப் பின்னலில் இரண்டே வேலைதான். துணியின் முகம் நம்மைப் பார்க்க ஒரு வரிசை போக வேண்டும், அது நிட். துணியைத் திருப்பிப் பிடித்து ஒரு வரிசை திரும்பி வர வேண்டும்; அது பர்ல். வரிசைக்கு எண்பது கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையம். நிட் வரிசை மூன்றரை நிமிடத்தில் ஓடியது. பர்ல் வரிசைக்கு ஆறு நிமிடம். போய் வர ஒன்பதரை. ஒரு முன்பக்கத்துக்கு ஐம்பத்தைந்து தடவை போய் வர வேண்டும். டீ, சாப்பாடு போக ஷிஃப்ட்டில் நானூற்று அறுபது நிமிடம். ஒரு மணி நேரம் இடித்தது.

"நிட்ல ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணி. பர்ல் நாலரைக்கு வந்தாப் போதும்."

"நாலரையா? நான் பஸ் ஏறவே நாலரை நிமிஷம் ஆகும்."

"அது எங்களுக்குத் தெரியாதா" என்றார் அண்ணன், படுத்த வாக்கில்.

நான் அவர் கையைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு மெஷின் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். பர்லில் ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கை ஊசியை விட்டது, நூலைத் தூக்கியது, ஊசி முனைக்கு மேலாகச் சுற்றியது, கீழே இழுத்தது, மறுபடி ஊசியைப் பிடித்தது. தானாகக் கற்றதில் வந்த வினை. எங்கள் கூடத்தில் ஒரு பாகம் இப்படி அலைந்தால் அன்றைக்கே கழற்றிவிடுவேன்.

"நூலு ஏன் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுது? இடது விரல்ல மாட்டிக்குங்க. ஊசி முனையாலேயே கீழருந்து கொத்தி இழுங்க. அதான் குறுக்கு வழி."

அண்ணி ஒரு கண்ணி அப்படி எடுத்துப் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

"இப்படிப் பண்ணலாமா தம்பி?"

"கண்ணி ஏறுதா இல்லையா? ஏறுதுல்ல? அப்புறம் என்ன?"

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமை வேறு.

முதல் இரண்டு நாள் ஆறு நிமிடம் எட்டானது. அண்ணி விடவில்லை. பஸ்ஸில் பின்னினார், குக்கர் பக்கத்தில் நின்று பின்னினார், அண்ணன் ஏதாவது கேட்டால் கண்ணி எண்ணிக்கையைப் பதிலாகச் சொன்னார். பத்தாம் நாள் ஐந்து. பன்னிரண்டாம் நாள் நாலே கால். என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாளே அந்த முறையில் கம்பெனியில் ஒரு நிஜ சாம்பிளைப் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

அது முடிந்து இஸ்திரி மேஜைக்கு வந்தபோது, அந்த மேஜையின் நீராவிக் குழாயில் கசிவு பார்க்க நான் மாடியில் இருந்தேன். டேப்பு துணியை விரித்து நீராவி காட்டினார். துணி கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாக ஒதுங்கியது. நேராக நிற்க வேண்டிய ஓரம், கீல் கழன்ற கதவு மாதிரி சரிந்து நின்றது. இழுத்தால் நெகிழவும் இல்லை, அட்டை மாதிரி இருந்தது.

"இது ஸ்வெட்டரா, விழப்போற சுவரா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா இப்படி?"

நான் குழாயின் மறையை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"நானாத்தான் பண்ணிப் பார்த்தேன் மேடம்" என்றார் அண்ணி.

"பண்ணிப் பார்க்கறதெல்லாம் வீட்ல பாருங்க. இது எனக்கு நாளைக்கு வேணும்." அந்த சாம்பிளைக் கண்ணாடிக்காரி மறுபடி பின்னினாள்.

அண்ணி என்னை எப்போதும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். சாயங்காலம் கேட்டருகே அது காணாமல் போயிருந்தது.

"வாயில்லையா உனக்கு? குழாய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டியே!"

"நான் சொன்னேன்னா ரெண்டு பேருக்கும்..."

"பேசாத. மெஷினு நட்டு போல்ட்டுன்னு கிடக்கிறவன்கிட்டக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சாய்ந்த துணி அவர் பையில் இருந்தது. வீட்டில் அண்ணன் அதை எடுத்து ஒரு பழைய தலையணைக்கு உறையாகப் பிடித்துப் பார்த்தார். "சாய்ஞ்சா என்ன, நானும் சாய்ஞ்சுதானே படுக்கறேன்." யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. மத்தியானம் அண்ணியே போன் செய்தார். "வாங்க, ஒண்ணு காட்டணும்." 'வாங்க' என்றதும் சட்டையை மாட்டினேன்.

ஜன்னல் ஓரம் ஒரு ஊசியில் பத்தே கண்ணியோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்தப் பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பொறுமையில்லாத ஆளாக இருந்தால் பழைய முறைக்கே ஓடியிருக்கும். அண்ணி ஒவ்வொரு கண்ணியாக இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்திருக்கிறார்.

"கண்ணி ஊசி மேல சவாரி உக்காருது தம்பி. ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி. ஏங்க, இங்க வாங்க." அண்ணனைப் பிடித்து வந்து பெஞ்சின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வைத்தார். "எந்தக் கால் ஜன்னல் பக்கம்?"

"வலது."

"அது என் பழைய பர்ல். இப்பத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்து உக்காருங்க." அண்ணன் முனகிக்கொண்டே திரும்பினார். "இப்ப?"

"இடது கால் ஜன்னல் பக்கம் வந்துடுச்சு. இடுப்பும் போயிடுச்சு."

"அதான் உங்க தம்பி சொன்ன பர்ல். நூலு கீழால வந்ததும் கண்ணி திரும்பி உக்காந்துடுது. நான் அது தெரியாம, அடுத்த வரிசை நிட்ல, பழக்கத்துல முன்காலைப் பிடிச்சே இழுத்திருக்கேன். ஒவ்வொண்ணும் கால் முறுக்கிக்கிச்சு. எண்பதும் ஒரே பக்கமா முறுக்கினா துணி சாயாம என்ன பண்ணும்?"

"அப்ப?"

"பின்காலைப் பிடிச்சு இழுத்தா முறுக்கு இல்லை. அவ்வளவுதான்."

நாலு விரல் உயரம் அப்படிப் பின்னி, தண்ணீரில் நனைத்துத் தரையில் போட்டிருந்தார். ஒரு பக்கமும் சாயாமல் கிடந்தது. குறுக்கு வழியும் சரிதான், அதற்கு வேறு வாசல் என்று எனக்குத்தான் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அண்ணி.

மீதி இருந்தது ஒன்பது நாள். பின்காலில் குத்திப் பழக ஐந்து நாள் போனது. மற்ற நாலு நாளும் இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு எதையோ அளந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யோசனை சொல்கிற உத்தியோகத்திலிருந்து என்னை நீக்கியாகிவிட்டது.

கடைசி நாள் காலை எட்டரைக்குச் சாம்பல் நிற நூல் உருண்டை மேஜைக்கு வந்தது. டேப்பு எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். நான் ஒன்பதரைக்கு மின்விசிறியைப் பார்க்க மாடிக்குப் போனேன். பதினொன்றுக்கு ஸ்விட்ச் பெட்டி. பன்னிரண்டுக்கு ஜன்னல் கொக்கி.

"இன்னைக்கு எங்க மாடியில எல்லாமே ரிப்பேரா?" என்றார் டேப்பு.

"பழைய கட்டடம் மேடம்."

சாப்பாட்டு மணி அடித்தபோது இருபத்தேழு தடவை போய் வந்திருந்தார். பாதிக்கு அரை தடவை குறைவு. வேறொருத்தி என்றால் இரண்டு வாயில் விழுங்கிவிட்டு ஓடியிருப்பாள். அண்ணி சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் துடைத்துத் திறந்தார், ஒவ்வொரு வாயாக மென்றார், டப்பாவைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தார்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்றாள் கண்ணாடிக்காரி. அவளுக்கு வியர்த்திருந்தது.

"ஈரக் கை பட்டா நூலு ஒட்டும்மா" என்றார் அண்ணி.

மூன்று மணி டீக்கு அப்புறம் எனக்குக் கீழே நிஜமாகவே ஒரு மெஷின் நின்றுவிட்டது. அதைத் தட்டி ஓடவிட்டு நான் மேலே வர நாலே முக்கால் தாண்டிவிட்டது. அண்ணியின் கையில் கடைசி பர்ல். கை எங்கேயும் அலையவில்லை. ஊசி முனை மட்டும் குருவி பொறுக்குகிற மாதிரி கொத்திக்கொண்டு போனது. வரிசை முடிந்து, எண்பது கண்ணியையும் மூடி நூலை அறுத்தபோது ஐந்துக்கு நாலு நிமிடம்.

டேப்பு துணியை மேஜையில் போட்டு நீராவி காட்டினார். எல்லோரும் ஓரத்தையே பார்த்தோம். அது இருந்த இடத்தில் இருந்தது. பிறகு கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் குறுக்கே வைத்தார். பத்தொன்பது அங்குலம், கேட்டிருந்த அளவேதான். மறுபடி வைத்தார்.

"உங்க கை மாறிடுச்சே. புதுக் கை இறுக்கமா வரும். அரை அங்குலமாவது குறையணுமே, எப்படி வந்தது?"

அண்ணி ஊசியை எடுத்து நீட்டினார். "இது நாலரை நம்பர் மேடம், கொஞ்சம் பருமன்."

"டிசைன் பேப்பர்ல நாலுதானே போட்டிருக்கு?"

"பேப்பர்ல என் கை இல்லையே மேடம்."

நாலு நாள் எதை அளந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டேப்பு ஊசியைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு இதுக்குக் கையைப் பின்ன ஆரம்பிங்க" என்றார். "இதே ஊசியில."

நான் கீழே இறங்கிக் கேட்டருகே நின்றேன். மற்ற மூன்று பெண்களும் போய்விட்டார்கள். கண்ணாடிக்காரி போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏன் என்று தெரியவில்லை. ஐந்தேகால் பஸ் வந்தது, நின்றது. மாடி ஜன்னலில் அண்ணி தெரிந்தார். ஊசிகளை நம்பர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

பஸ் போய்விட்டது.