நாற்காலி வேண்டாமென்ற நடத்துநர்

கும்பகோணம் பொருட்காட்சியில் வி.ஆர். கண்ணாடி மாட்டிவிடும் கடை போட்டிருந்தேன். மாட்டியதும் கண்ணெதிரே மலைச்சரிவில் பஸ் பாயும்; நாற்காலியில் உட்கார்ந்தவர்களே அலறுவார்கள்.

காக்கிச் சட்டையும் தோள்பையுமாக வந்த டவுன் பஸ் நடத்துநர் ஒருவர் நாற்காலியை ஒதுக்கினார்.

"நின்னே பாக்குறேங்க. பஸ்ஸுல உக்காந்து பழக்கமில்ல."

வளைவுக்கு வளைவு, இல்லாத கம்பியில் சாய்வதுபோல் இடுப்பை ஒடித்து, எதையும் பிடிக்காமல் நின்றார். அசையாத தரையில் அவர் ஆடியதைப் பார்த்து எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது.

கண்ணாடிக்குள் பஸ் சட்டென்று நின்றது. பிரேக் முன்னால் தள்ளும் என்று பின்னால் சாய்ந்தவர், எதுவும் தள்ளாததால் மல்லாந்து விழுந்தார்.

"அடி பட்டுச்சாங்க?" என்று ஓடினேன்.

"அத விடுங்க. வண்டி நின்னுச்சு, பிரேக் போட்ட மாதிரியே இல்லையே. யாருங்க டிரைவர்?"

அவர் கேட்ட தோரணையில் நானும் திரும்பி டிரைவர் சீட்டைத் தேடினேன்.