பின்னால் ஐந்து பேர்

அத்தானிடம் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும். அந்த மூன்று வாரமும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. அக்காவைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனவர், இரண்டு வருஷம் கழித்து மூன்று வார லீவில் அவளோடு வந்தபோது எனக்கென்று ஒரு சிடி கொண்டுவந்தார். அந்த ஊர் ஃபுட்பால். காலால் உதைப்பதே அபூர்வம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், இல்லையென்றால் முன்னால் நிற்கிற தன் ஆளுக்குக் கையால் தூக்கி எறிகிறார்கள். பாளையங்கோட்டை வீட்டில், என் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் முன்னால் மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

பந்து வைத்திருப்பவர் நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். தடுக்கிறவன் ஒவ்வொரு முறையும் தன் பதினோரு பேரை எப்படி நிறுத்துவதென்று திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கபடி ஆடி வளர்ந்தவன். பாடி வருகிறவனை உள்ளே விட்டுத்தானே மடக்குவோம்? அதனால் ஆட்களைப் பின்னால் இறக்கி நிறுத்தினேன். அத்தான் சாவகாசமாக அஞ்சு கஜம், ஆறு கஜம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். கபடியில் திரும்பிப் போய்க் கோட்டைத் தொட்டால்தான் கணக்கு. இங்கே ஓடிய தூரமெல்லாம் லாபம். இது என் மண்டையில் ஏற இரண்டு வாரம் ஆனது. பிறகுதான் முன்னால் ஆள் வைத்துத் தடுக்கப் பழகினேன்.

"என்ன மச்சான், பந்திக்கு ஆள் கூப்பிடுத மாதிரி வழி விட்டுட்டு நிக்கே?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீபோர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன்.

அடுக்களையிலிருந்து அம்மா, "ஏலே, வீட்டு மாப்பிள்ளைகிட்டயா மல்லுக்கு நிக்கே? விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவே?" என்று சத்தம் போடுவாள்.

அக்காதான் வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. எதைக் கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி ஆட்டம். நான் நாலு புள்ளி முன்னால். அத்தானுக்குக் கடைசிக் கோட்டைத் தாண்ட இன்னும் மூன்றே கஜம், ஒரே வாய்ப்பு; தாண்டினால் ஆறு புள்ளி. அவர் தன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இனி மாற்ற முடியாது. ஓடத்தான் போகிறார், ஆறு பேரை முன்னால் நிறுத்துவோம் என்று விரலைக் கொண்டுபோனேன். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"முன்னால வேண்டாம்லே. கடைசி நேரத்துல இவுக தூக்கித்தான் எறிவாக. அஞ்சு பேரைப் பின்னால நிறுத்து."

நிறுத்தினேன். அத்தான் தூக்கித்தான் எறிந்தார். என் ஆள் ஒருவன் எம்பிப் பந்தைத் தட்டிவிட்டான். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன்.

அத்தான் சிரித்தபடியே திரும்பினார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழம பூரா நீங்க டிவில இதைத்தான பாப்பீக? நானும் பக்கத்துலதான இருக்கேன். அங்கன எனக்குப் பேச வேற யாரு இருக்கா?"

அவர் சிரிப்பு நின்றது. "நீயும் பாக்கேன்னு எனக்குத் தெரியாதே."

"நீங்க திரும்பிப் பாக்கலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பாட்டிலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

ஜெயித்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தான் மேல் ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் ஆகிவிட்டது. மூன்று வாரமாக நானும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.