சினிமாக் கொட்டகையில் காய்ந்த பாவு

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்பாவு சினிமாக் கொட்டகைக்குள் காய்ந்தது என்றால் இன்று யார் நம்புவார்கள்? நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததென்ன, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்! நாற்காலிகளுக்கு மேலே, திரையிலிருந்து கதவு வரைக்கும் அரக்கு நிற இழைகள் நீண்டு கிடக்க, தலைக்கு மேல் மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. நடுவே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் அண்ணி ஓடிக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து, எங்கள் தறி மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. அவன் தேறியதும் பட்டுக்கடை முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு பாவு, அதாவது புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள், கொடுத்தார். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு, காய்ந்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். ஐப்பசி மழையோ விட்டபாடில்லை. பொறுமையிழந்த அண்ணன் வீட்டு நடையிலேயே அதை மடக்கிப் போட்டுக் கஞ்சியைத் தடவிவிட்டான். ஈரத்தில் இழைகளெல்லாம் ஒட்டிக்கொண்டன. அண்ணிதான் உட்கார்ந்து அலசிப் பிரித்தாள். அதற்குள் முதலாளியின் ஆள் வந்து, "வெள்ளிக்கெழமைக்குள்ள தறியேத்தலன்னா வேற வூட்டுக்குக் குடுத்துடுவாராம்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"எனக்கும் தறிக்கும் ராசியில்ல. எங்கனா மூட்டை தூக்கிப் பொழைச்சிக்கிறேன்" என்று அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி கோபப்படவில்லை. "நீளமா ஒரு எடம், மேல ஒரு கூரை. இவ்ளோதான வேணும்?" என்று கிளம்பிவிட்டாள். சத்திரத்தில் கல்யாணம். அரிசி மில்லில் ஈர நெல். பள்ளிக்கூடத்தில் விரட்டாத குறை. கடைசியாகக் கொட்டகை மேனேஜரிடம் போய் நின்றாள்.

"இன்னாமா, வெளையாடுறியா? கஞ்சி சீட்டுல வடிஞ்சா யாரு தொடைப்பா?"

மறுநாள் கோணிப்பைகளோடு போனாள். "இத்த சீட்டு மேல போட்டுடறேண்ணா." அவர் அதற்கும் மசியவில்லை. அதற்கடுத்த நாளும் காலையிலேயே போய் வாசலில் நின்றாள்.

"உன் தொல்லை வுட்டா போதும்மா! மதிய ஆட்டத்துக்குள்ள சுருட்டிக்கினு போயிடணும். ஃபேன் வேணா போடச் சொல்றேன்."

கஞ்சி போட அக்கம்பக்கத்தார் வந்தார்கள், அண்ணன் வரவில்லை. விசிறிக் காற்றில் பாவு மெல்ல மெல்லத்தான் காய்ந்தது. மதிய ஆட்டத்துக்கு மணி அடித்தபோது வெளியே கூட்டம். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் இன்னும் பாவைச் சுருட்டத் தொடங்கவில்லை. ஆனால் மழையில் வேலையில்லாமல் படம் பார்க்க வந்தவர்கள் யார்? எல்லோரும் நெசவாளிகள்! தெருவில் பாவு கிடந்தால் போகிறவர் வருகிறவர் கைகொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். டிக்கெட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். ஒருவர் அறுந்த இழையை முடிந்தார். "இழுத்துப் புடிபா!" என்று இன்னொருவர் கத்த, மேனேஜரே ஓடிவந்து பாவு சுற்றும் கோலைப் பிடித்தார். சுருட்டி முடித்ததும் கொட்டகை அதிர விசில்!

தார்ப்பாயில் பொதிந்து தூக்கிவந்து, அண்ணனின் தலைமாட்டில் வைத்தோம். அவன் திரும்பவில்லை. "வா, மேனேஜர் நம்மள டிக்கெட் இல்லாம உள்ள வுடறேன்னாரு, படம் பாக்கலாம்" என்று அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போனாள். என்ன படம் என்பதுகூட நினைவில்லை. மனசெல்லாம் வீட்டில் படுத்திருந்த அண்ணனிடம்; இருவரும் திரையையா பார்த்தோம்!

திரும்பி வந்தபோது பாய் காலியாக இருந்தது. அண்ணன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, தறியில் மிஞ்சியிருந்த பழைய இழை முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அடுத்த பாவுக்கும் அந்த மேனேஜராண்ட இப்பவே சொல்லி வெச்சிடு" என்றான்.

அத்தனை பேர் விரட்டியும் கலங்காத அண்ணி, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.