வடிவு விற்ற வீடு

வடிவுக்கு வீடு வாங்குவதில் ஒரு வெறி. டெல்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் துவாரகாவில் இரண்டு ஃபிளாட்டுகளை வாங்கிவிட்டாள். இரண்டும் வங்கிக் கடனில். குடியிருந்தது மட்டும் மயூர் விஹாரில், கடனில்லாத சொந்த வீடு. துவாரகா வீடுகளில் விமான நிலைய ஊழியர்கள் குடியிருந்தார்கள். வாடகை வரும், அப்படியே தவணைக்குப் போகும். வாடகை நின்றால் என்ன செய்வாய் என்று கணவர் லட்சுமணன் அவ்வப்போது கேட்பார். அவள் அடுத்த வீட்டின் விளம்பரத்தை அவரிடம் நீட்டுவாள்.

2020இல் விமானங்கள் நின்றன. குடியிருந்தவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். தவணையைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம் என்றது வங்கி. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பென்ஷனை வைத்து ஒரு வீட்டின் தவணையைத்தான் சமாளிக்க முடிந்தது.

புரோக்கர் ஒரு வழி சொன்னார். மயூர் விஹார் வீட்டை அடமானம் வைத்துப் பெரிய கடனாக வாங்கினால், விலை ஏறும்வரை இரண்டையும் தாங்கிப் பிடிக்கலாம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகன் மதனுக்கும் அதுவே சரியென்று பட்டது.

"இப்ப வித்தா பூரா நுக்ஸான்மா, நஷ்டம்தான் மிஞ்சும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

விலை ஏறாவிட்டால்? மூன்றும் சேர்ந்து போகும். வடிவு அன்று ராத்திரி மூன்று வீட்டுக் கணக்கையும் எழுதிப் பார்த்தாள். மறுநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "முங்குதவ கரையில நிக்கவளயும் பிடிச்சு இழுத்த கதையால்லா இருக்கு. இந்த வீட்டுப் பத்திரத்த எவனும் தொடப்பிடாது. துவாரகால ஒண்ண நான் விக்கப் போறேன்."

வாங்கிய விலைகூடக் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக் கடனை அடைத்து, மிஞ்சியதை இன்னொரு வீட்டின் தவணைக்கென்று தனியே போட்டு வைத்தாள். பதிவு முடிந்து திரும்பும்போது காரில் மாஸ்க்குக்குள்ளேயே அழுதாள். லட்சுமணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருடம் தொற்று மறுபடியும் பரவியபோது, மஞ்சு என்ற நர்ஸ் வீடு கேட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை என்பதாலேயே அவளையும் அவள் தோழிகளையும் வீட்டுக்காரர் வெளியேற்றியிருந்தார். வடிவு உடனே துவாரகா வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். ஆனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரி கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். வயசானவர்கள் இருக்கும் இடம், நோயைக் கொண்டு வந்துவிடுவார்கள் என்றார்.

வடிவு மயூர் விஹாரிலிருந்து கிளம்பிப் போனாள். செக்ரட்டரியிடம் இந்தியில், குரலை உயர்த்தாமல் பேசினாள். வீடு என்னுடையது, இவர்கள் வரக் கூடாது என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், போலீஸுக்கு நானே கொண்டுபோகிறேன் என்றாள். அவர் எழுதவுமில்லை, திறக்கவுமில்லை. வடிவு காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிப் போட்டு, நர்ஸுகளின் பெட்டிகளோடு கேட்டுக்கு முன்னாலேயே வெயிலில் உட்கார்ந்தாள். அவர்களையும் தன்னையும் சேர்த்துத்தான் தெருவில் விடப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மாடியிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மத்தியானம் கேட் திறந்தது.

மஞ்சுவும் தோழிகளும் வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. வடிவு பென்ஷனையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கடனைப் பல வருடம் முன்கூட்டியே அடைத்து முடித்தாள்.

ஒரு கல்யாணத்தில் உறவுக்காரி ஒருத்தி, வீட்டையே விற்கும்படி ஆகிவிட்டதாமே என்று உச்சுக் கொட்டினாள்.

"வித்தேன்தான்," என்றாள் வடிவு. "வித்தது நான். பேங்க்காரன் வந்து விக்கல."

இப்போது மறுபடியும் வீடு பார்க்கிறாள். ஒரு வருடத் தவணை கையில் தனியாக இருந்தால்தான் கடன், குடியிருக்கும் வீட்டின் மேல் கடனே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அப்படியெல்லாம் பார்த்தால் டெல்லியில் வீடு வாங்க முடியாது என்று புரோக்கர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவள் அடுத்த புரோக்கருக்கு போன் போடுகிறாள்.