காசு கொடுத்து வாங்கிய படம்

ஊருக்குத் திரும்பினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது எனக்கு ஆகவே ஆகாது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே அங்கே வங்கிக் கணக்கை மூடி, போன் நம்பரை ஒப்படைத்து, வாடகை வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டோம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன நிலத்தை இனி என் வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஒரு புதன்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சினோம். பால் பொங்கிய கையோடு, நல்ல நேரம் போவதற்குள், எங்கெங்கே முகவரி கேட்பார்களோ அங்கெல்லாம் போனிலேயே புது முகவரியைக் கொடுத்தேன். படம் வாங்கிப் பார்க்கும் கணக்கிலும் நாட்டை இந்தியா என்று மாற்றினேன். ஏதோ நீளமாக ஓர் எச்சரிக்கை வந்தது. பதிவு அலுவலகத்தில் பத்திரத்தைப் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறோம்? சம்மதம் என்று அழுத்திவிட்டுப் பந்தி பரிமாறப் போனேன்.

எங்கள் மகனுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வராத பிள்ளை என்பார்கள் சொந்தக்காரர்கள். அது முழு உண்மை இல்லை. சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லையே தவிர, ஒரே ஒரு படத்தின் வசனங்களை வைத்து எல்லாவற்றையும் கேட்பான். துறைமுகத்தில் வேலை செய்யும் மஞ்சள் கிரேனைப் பற்றிய ஆங்கிலக் கார்ட்டூன் அது. தண்ணீர் வேண்டுமென்றால் ‘டேங்க் காலி, கேப்டன்’ என்பான், கிரேனின் அதே ஆங்கிலத்தில், அதே கரகரத்த குரலில். தூக்கிக்கொள்ளச் சொல்ல, ‘கயிற்றை இறுக்கிப் பிடி.’ பயந்துவிட்டால், ‘புயல் வருகிறது, எல்லாரும் உள்ளே போங்கள்.’ தினமும் சாயங்காலம் படத்தைப் பார்த்தால்தான் அவை அவன் வாயில் தங்கும். முன்பு ஒரு தடவை காய்ச்சலில் படுத்துப் பார்க்காமல் விட்டபோது பாதி வசனம் மறந்து, மறுபடி பார்த்த பிறகே திரும்பியது. அதனால்தான் அந்தப் படத்தை வாடகைக்கு எடுக்காமல் காசு கொடுத்தே வாங்கி வைத்திருந்தேன்.

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம், விருந்தாளிகள் போன பிறகு, டிவியைப் போட்டேன். மஞ்சள் கிரேன் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். இது உங்கள் நாட்டில் கிடைக்காது என்று கீழே எழுதியிருந்தது. அணைத்துப் போட்டேன். வைஃபையைப் பிடுங்கிச் செருகினேன். கட்டம் நகரவில்லை. மகன் எழுந்து போய் விரலால் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு ‘புயல் வருகிறது’ என்று ஆரம்பித்தவன், கன்னத்தில் தானே அறைந்துகொண்டு, களைத்துச் சாயும் வரை அதையே சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மறுநாள் உதவி எண்ணைப் பிடித்தேன். ஒரு பெண் தமிழிலேயே பேசினாள்.

“மேடம், அந்தப் படத்துக்கு இந்தியாவுல எங்களுக்கு உரிமை இல்லங்க.”

“நான் காசு குடுத்து வாங்குனதுங்க அது!”

“பார்க்கற அனுமதியத்தாங்க வாங்கியிருக்கீங்க. அது அந்த நாட்டுக்கு மட்டுந்தான்.”

“சரி, நாட்டைப் பழையபடி மாத்திக் குடுங்க.”

“அந்த ஊரு கார்டும் போன் நம்பரும் வேணுங்களே, மேடம்.”

இரண்டையும்தான் நான் ஒழுங்கு மரியாதையாக ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேனே! எங்கள் பக்கம் குத்தகைக்காரனைக்கூட வயலில் கதிர் நிற்கும்போது வெளியேற்ற மாட்டார்கள். கிரயம் கொடுத்தவளை ஒரு சம்மதப் பொத்தானை வைத்து வெளியே தள்ளிவிட்டார்களே என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள், மன்னிக்கணுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வசனங்கள் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயின. முதலில் போனது டேங்க். தாகமெடுத்தால் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றான். எவ்வளவு நேரம் அப்படி நின்றிருந்தான் என்று தெரியாமல் நான் அடுப்படியில் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உதடு காய்ந்துபோயிருந்ததைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கயிறும் போன பிறகு, தூக்கச் சொல்லி அவன் யாரிடமும் வரவே இல்லை.

“கடைத்தெருவுல போன் கடைக்காரரு எந்தப் படம்னாலும் பென்டிரைவ்ல ஏத்தித் தர்றாராம். நான் வாங்கிட்டு வரட்டா?” என்றார் வீட்டுக்காரர். என் தம்பி திருட்டுப் படம் பார்த்தாலே சாமியாடுகிறவள் நான். “போயி வாங்கிட்டு வாங்க, உடனே போங்க” என்றேன்.

நடவு வயலிலிருந்து ஏறி, காலில் சேறோடு கடைக்குப் போய், அதே சேறோடு வந்து பென்டிரைவைச் செருகினார். கிரேன் வந்தது. அதே மஞ்சள், அதே துறைமுகம். மகன் ஓடிவந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கிரேன் வாயைத் திறந்து தமிழில் பேசியது, யாரோ ஒருவருடைய மெல்லிய குரலில். கடையில் இருந்தது தமிழாக்கப் பிரதி மட்டும்தான் என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கிரேன் பேசிக்கொண்டே போனது. அவன் எழுந்து என்னிடம் வந்தான், என் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் அப்படிப் பார்க்கிற பிள்ளையே இல்லை.

“அம்மா, வேணாம்” என்றான்.

எந்தக் கிரேனுடைய குரலும் இல்லை அது. பிறந்ததிலிருந்து நாங்கள் கேட்டிராத சின்னக் குரல். வீட்டுக்காரர் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவன் வாயால் ஒரு தடவை அம்மா என்று கேட்டுவிட மாட்டோமா என்று நான் வேண்டாத கோயில் இல்லை. கேட்டுவிட்டேன். அதற்கு அவனிடம் இருந்த மற்ற எல்லாச் சொல்லையும் பிடுங்கிக்கொண்டுதான் தர வேண்டுமா?